வாழ்க்கை திசை மாறும்போது சுயமுன்னேற்ற நூல்களைப் படிக்கும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

மத்திய அரசு ஊழியர் ஒருவர் தமக்கு அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் பணி ஓய்வு பெறுகிறார். அந்த நாளில் எங்கள் பிரிவில் எனக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு சுயமுன்னேற்ற நூல் ஆகிய மூன்றும் கிடைத்தன. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், நாற்பது வயதுக்குள் செல்வந்தராவது எப்படி என்பதை அந்த நூல் விளக்கிக்கொண்டிருந்தது. வாங்கியவர் அட்டையைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அடுத்த ஆறு மாதங்களில் நானே வாங்கிய பதினொரு நூல்களையும் ஏறத்தாழ அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் முடித்த இரவில் உற்சாகமாக இருந்தது. மறுவாரம் அதில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பின்னர் தில்லி மயூர் விஹாரில் என் வீட்டு முன்னறையில் ஐந்தாறு தமிழர்கள் மாதம் இருமுறை கூடி ஒரே நூலைப் படிக்கத் தொடங்கினோம். கணவரை இழந்த, தில்லியின் துவாரகைப் பகுதியில் வாழும் தோழி ஒருவரும், குருகிராமில் வேலை பறிபோன முப்பத்து நான்கு வயது இளைஞர் ஒருவரும் அதில் இருந்தார்கள். கீழே உள்ள படிகள், நாங்கள் தவறியும் திருத்தியும் வகுத்துக்கொண்டவை. இந்த வகை நூல்களில் பெரும்பாலானவை, தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளும் தனியாள் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதும், மாமியார், கடன் தவணை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஆகியவற்றோடு வாழும் நமக்கு அவற்றை நம் வாழ்க்கைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும் வேலை மிச்சமிருக்கிறது என்பதும்தான் எங்களுக்குப் பிடிபட்ட முதல் உண்மை.

முதல் படி: முடிந்துபோனது எது என்று எழுதுங்கள்

புத்தகத்தைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இந்த மாற்றத்தால் உங்கள் வாழ்க்கையில் முடிந்துபோனவற்றை எழுத வேண்டும். “வேலை போய்விட்டது” என்று ஒரே வரியில் எழுதுவது போதாது. நான் எழுதிய பட்டியலில் சம்பளம் நான்காவதாகத்தான் வந்தது. காலை எட்டரை மணி சார்ட்டர்ட் பஸ், அதில் முப்பது ஆண்டுகளாக என் பக்கத்தில் உட்கார்ந்த பஞ்சாபிப் பெண்மணி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை ஆகியவை அதற்கு முன்னால் வந்தன. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் நான் வளர்த்த கறிவேப்பிலை மரமும் பட்டியலில் இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பிரிட்ஜஸ் 1980-இல் வெளியிட்ட நூலில் செய்த ஒரு பாகுபாடு இங்கே உதவுகிறது. வெளியே நடக்கும் மாற்றம் வேறு, அதற்கு ஏற்ப உள்ளே நடக்கும் கடப்பு வேறு என்கிறார் அவர். வெளிமாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். உட்கடப்புக்கு முடிவு, இடைவெளி, புதுத் தொடக்கம் என்று மூன்று கட்டங்கள் உண்டு, அது முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. நடுவில் உள்ள இடைவெளியில், பழையது போய்விட்டிருக்கும், புதியது வந்திருக்காது. நம்மில் பலர் சுயமுன்னேற்ற நூல்களை வாங்குவது இந்த இடைவெளியின் வெறுமையைத் தாங்க முடியாமல்தான். ஆனால் வாங்குவதோ புதுத் தொடக்கத்தைப் பற்றிய நூல். மாத்திரை சரியானதுதான், நோய் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

மாற்றத்தின் எடையை அறிய இன்னொரு பழைய கருவியும் உண்டு. ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். துணையை இழப்பதற்கு 100, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, பணி ஓய்வுக்கு 45, பிள்ளை வீட்டைவிட்டுப் போவதற்கு 29, வீடு மாறுவதற்கு 20. மகிழ்ச்சியான நிகழ்வான திருமணத்துக்கும் 50 கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டில் நேர்ந்தவற்றின் கூட்டுத்தொகை ஏறஏற உடல்நலம் கெடும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது அவர்கள் கருத்து. எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தில்லியில் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்குப் பணி ஓய்வு ஒருபோதும் தனியாக வருவதில்லை. வீட்டைக் காலிசெய்வதும் அக்கம்பக்கத்தை இழப்பதும் பல குடும்பங்களில் பிள்ளைகள் வேற்றூர் போவதும் சேர்ந்தே வருகின்றன. கூட்டிப் பார்த்தபோதுதான், என் சோர்வுக்குச் சோம்பல் காரணமன்று என்பது எனக்கே தெரிந்தது.

இரண்டாம் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

“என் வாழ்க்கையின் நோக்கம் என்ன?” என்ற கேள்வியோடு நூலகத்துக்குள் நுழைகிறவர் வெறுங்கையோடு திரும்புவார், அல்லது கை நிறையப் புத்தகங்களோடு திரும்புவார், இரண்டும் ஒன்றுதான். வியன்னா நகரத்து மனநல மருத்துவரான விக்டர் ஃபிராங்கல், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்து வந்து 1946-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். வாழ்க்கையிடம் நாம் பொருள் கேட்பதைவிட, வாழ்க்கை நம்மிடம் கேட்கிறது, நாம் அன்றன்றைய செயலால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் பார்வை. பொருள் கிடைக்கும் வழிகள் மூன்று என்றும் அவர் வகுத்தார்: ஒன்றை உருவாக்குவது அல்லது ஒரு பணியைச் செய்வது, ஒருவரை நேசிப்பது அல்லது ஓர் அனுபவத்தில் தோய்வது, தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம்.

இந்த மூன்றையும் மூன்று சிறு கேள்விகளாக்கலாம். என் கையால் ஆகவேண்டிய வேலை ஏதாவது மிச்சமிருக்கிறதா? என் வரவை எதிர்பார்ப்பவர் யார்? மாற்ற முடியாத எதை நான் இன்னும் மாற்றப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? இவற்றுக்குக் கிடைக்கும் அரைகுறைப் பதில்களிலிருந்து, ஆறு மாதத்துக்குள் விடை காணக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். குருகிராம் இளைஞரின் முதல் கேள்வி “எனக்கு எதில் ஆர்வம்?” என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து அது, “மார்ச் மாதத்துக்குள் இதே துறையில் குறைந்த சம்பளத்தில் சேர்வதா, சேமிப்பைக் கரைத்து வேறு திறன் கற்பதா?” என்று மாறியது. இரண்டாவது கேள்விக்கு நூல்கள் உதவ முடியும். துவாரகைத் தோழியின் கேள்வி இன்னும் சிறியது: “மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை என்ன செய்வது?” அவர் கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பி, காபி குடித்து, செய்தி பார்த்த நேரம் அது.

மூன்றாம் படி: நூலைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலத்தில் இந்த வகைக்கே பெயர் கொடுத்தது, சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1859-இல் வெளியிட்ட ‘செல்ஃப்-ஹெல்ப்’ என்ற நூல். அன்றுமுதல் உழைத்தால் உயரலாம் என்ற ஒரே செய்தி பல நூறு சட்டைகளை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தமிழில் எங்கள் தலைமுறைக்கு அப்துற் றகீமும் எம். எஸ். உதயமூர்த்தியும்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எந்த மொழியிலானாலும், கையில் எடுத்த நூல் எந்த இனம் என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஒருவர் தம் துன்பத்தைக் கடந்த சாட்சியமாக இருக்கலாம். ஆய்வுகளின் அடிப்படையில் எழுதப்பட்டதாக இருக்கலாம். பயிற்சிகள் கொடுக்கும் நூலாக இருக்கலாம். அல்லது வெறும் ஊக்க உரையாக இருக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்குச் சாட்சியமும், முடிவெடுக்க வேண்டியவருக்குப் பயிற்சி நூலும் பொருந்துகின்றன. ஊக்க உரை யாருக்கும் பத்து நாளுக்கு மேல் தாங்குவதில்லை என்பது என் அனுபவம்.

கடையில் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து நான்கு பக்கம் படியுங்கள். முதல் அத்தியாயம் எல்லா நூலிலும் நன்றாகத்தான் இருக்கும். ஆசிரியர் தம் முறை பலிக்காத ஒருவரைப் பற்றியாவது சொல்கிறாரா என்று தேடுங்கள். வென்றவர்களை மட்டும் எண்ணிப் பாடம் சொல்லும் நூலில், அதே பாடத்தைப் பின்பற்றித் தோற்றவர்கள் கணக்கில் வருவதேயில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாக இருந்தால் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால், நூல் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அந்தப் பதிப்பு வேண்டாம்.

தில்லியில் தமிழ் நூலுக்கு முதலில் போகவேண்டிய இடம் ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்க நூலகம். அதே பகுதியில் உள்ள மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். ஆங்கில நூலுக்கு, யுனெஸ்கோ துணையுடன் 1951-இல் பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கப்பட்ட தில்லி பொது நூலகம் இருக்கிறது. தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக நடந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை, 2019-இல் ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட்டுக்கு மாறியது. தில்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். அங்கே சுயமுன்னேற்ற நூல்கள் எடைக்கே கிடைக்கும் அளவுக்குக் குவிந்திருக்கும், தமிழ் நூல் அரிது. ஒரு நூலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் அங்கே கடினமான பயிற்சி.

நான்காம் படி: இரண்டு பத்திக் குறிப்பேடு

இந்த முறையின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், நூல் சொல்வதை உங்கள் சொந்தச் சொல்லில், ஒரே வாக்கியமாக எழுதுங்கள். வலப்பக்கம், அது உங்கள் வீட்டில், உங்கள் வருமானத்தில், உங்கள் மனிதர்களிடையே என்னவாகும் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். நூலின் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிகள் மட்டும் இடலாம்: ஒப்புக்கொண்டால் கோடு, ஐயமானால் கேள்விக்குறி, கோபம் வந்தால் ஒரு சுழி. சுழி இட்ட இடங்களை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். நூலாசிரியர் தவறாகச் சொன்ன இடமாகவும் அது இருக்கலாம், நாம் ஒளித்துவைத்ததை அவர் தொட்டுவிட்ட இடமாகவும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று சில நூல்கள் சொல்கின்றன. என் வலப்பக்கம் இப்படி இருந்தது: “முப்பத்தைந்து ஆண்டுகளாக ஐந்து மணிக்குத்தான் எழுகிறேன், அப்போதுதான் குழாயில் தண்ணீர் வரும், மாறியது எதுவுமில்லை.” ஐந்து மணிக்கு எழும் அந்த ஆசிரியருக்குக் காபி போட்டுக் கொடுத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நூலில் இல்லை. ஆனால் அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் கேலியாகப் போயிருக்கும். இடப்பக்கத்தை மறுபடி படித்தபோது, அவர் பரிந்துரைப்பது மணிக்கணக்கை அல்ல, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தை என்று புரிந்தது. என் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் மதியம் இரண்டு மணிக்கு வருகிறது. வலப்பக்கத்தில் அதை எழுதிய நாளிலிருந்து அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடுவதில்லை.

இன்னொன்று கடினமானது. மனத்தைச் சோர்வடையச் செய்பவர்களை விட்டு விலகுங்கள் என்று ஒரு நூல் சொன்னது. துவாரகைத் தோழியின் வீட்டில் எண்பத்திரண்டு வயது மாமியார் இருக்கிறார். மகனை இழந்த அவருக்கும் ஒவ்வொரு மாலையும் ஐந்து மணி வருகிறது. விலகுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இரண்டு வாரம் வெறுமையாகக் கிடந்த வலப்பக்கத்தில் தோழி கடைசியில் எழுதியது, “செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நான் வெளியே போவேன், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவேன்” என்பது. நூலாசிரியர் இதைத் தம் கருத்து என்று அடையாளம் கண்டுகொள்ளமாட்டார். ஆனால் அந்த அத்தியாயம் இல்லாமல் அந்த வாக்கியம் பிறந்திருக்காது. இடப்பக்கம் நிறைந்து வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் நோட்டு, நூல் நமக்கானதன்று என்பதற்கு அடையாளம். மூன்று அத்தியாயம் அப்படியே போனால் கூச்சமின்றி மூடிவிடலாம்.

ஐந்தாம் படி: உங்களைப் பற்றி எழுதுங்கள்

ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் தம் சகாவுடன் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்க்கையின் மிக வருத்தமான நிகழ்வைப் பற்றி எழுதச் செய்தார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அன்றைக்குச் சோர்ந்துபோனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் சென்றது குறைந்தது. நீங்களும் இலக்கணம் பார்க்காமல், யாருக்கும் காட்டாமல் இப்படி எழுதலாம், வேண்டுமானால் எழுதியபின் கிழித்துப்போட்டுவிடலாம். இழப்பு நடந்த முதல் சில வாரங்களில் இதைச் செய்ய வேண்டாம்; எழுதும்போது நிலைகுலைவது போலிருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆறாம் படி: சிறிய அளவில் செய்து பாருங்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வலப்பக்கத்துக்கும் பொருந்தும். அங்கே எழுதியவற்றில் ஒன்றை, திரும்பிவர வழி வைத்துக்கொண்டு, கெடு வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஓய்வுக்குப்பின் கும்பகோணத்துக்கே போய்விடுவது என்று நான் தீர்மானமாக இருந்தேன். தில்லித் தமிழர்களில் பாதிப் பேர் இந்தக் கனவோடுதான் பென்ஷன் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். மயூர் விஹார் வாடகை வீட்டைக் காலிசெய்யாமல், இரண்டு மாதம் இருந்து பார்க்கலாம் என்று அங்கே போனேன். காவிரிக்கரையும் கோயிலும் காலைக் காபியும் நினைத்தபடியே இருந்தன. ஆனால் தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் அன்போடு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்?” அவர்கள் ஊர் என்றது தில்லியை. ஐம்பதாவது நாள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பினேன். வீட்டைக் காலிசெய்து, சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் இந்தப் பாடத்துக்கு என்ன விலை கொடுத்திருப்பேன் என்று நினைத்தாலே இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

இளைஞரின் சோதனை எளிமையானது. கற்க நினைத்த திறனுக்கான பெரிய கட்டண வகுப்பில் சேரும் முன், அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் மூவரோடு ஒரு முழு நாள் இருந்து பார்த்தார். இரண்டாவது நாளே, அந்த வேலையில் தமக்குப் பிடித்தது அதன் பெயர் மட்டுமே என்று வந்து சொன்னார்.

ஏழாம் படி: உடன் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்

தனியாகப் படிப்பவர் தமக்கு வசதியான வரிகளை மட்டும் அடிக்கோடிடுவார். இரண்டு பேர் போதும், கூட்டம் தேவையில்லை. ஒரே நூலைப் படித்து, ஒருவர் வலப்பக்கத்தை இன்னொருவர் கேட்க வேண்டும், அறிவுரை சொல்லக் கூடாது, “இதை எப்போது செய்யப் போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்கலாம். குடும்பத்தாரிடம் முடிவாக அறிவிக்காமல், யோசிக்கும் கட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. புத்தகம் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் பிரகடனம் செய்பவரை எந்த வீடும் பொறுத்துக்கொள்வதில்லை.

புத்தகம் போதாத இடம்

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறத்தாழ நாள்தோறும் நீடித்தாலோ, உயிர்வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, நூலை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தில்லியில் எய்ம்ஸ் மனநலப் பிரிவும், தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் (IHBAS) மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. துவாரகைத் தோழி இஹ்பாஸுக்குத்தான் நான்கு மாதம் போய்வந்தார். அதன் பிறகுதான் அவரால் நோட்டின் வலப்பக்கத்தை எழுத முடிந்தது. அதற்கு முன் நாங்கள் அவருக்குப் புத்தகம் கொடுத்தது எங்கள் தவறு.

அடுத்த நூலுக்கு முன்

முடித்த நூலின் கடைசிப் பக்கத்தில் தேதியையும், அதிலிருந்து செய்து பார்த்த ஒரு செயலையும் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையென்றால் அடுத்த நூலை வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை. ஓராண்டு கழித்துப் பென்சில் குறிகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். கேள்விக்குறிகளில் சில கோடுகளாகியிருக்கும், கோடுகளில் சிலவற்றை எதற்காக இட்டோம் என்றே தெரியாது. பிறகு நூலை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நாற்பது வயதுக்குள் செல்வந்தராவது பற்றிய அந்த விடைபெறல் பரிசை நான் குருகிராம் இளைஞருக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் திருப்பிக் கொடுத்தபோது ஓரங்களில் அவருடைய குறிகள் இருந்தன. ஏழாம் அத்தியாயத்தில் நான் பெரிய சுழி இட்டிருந்த பத்திக்குப் பக்கத்தில் அவர் ஒரு நேர்க்கோடு இட்டிருந்தார். இந்தச் சனிக்கிழமை நாங்கள் பேசப்போவது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.